கிடங்கு மென்பொருள் வாங்க அஜைல் முறையா, முழு ஆர்.எஃப்.பி-யா?

கொள்முதல்மேசை:
நடுத்தர உற்பத்தி நிறுவனம் ஒன்று கிடங்கு மென்பொருள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வரவு, பின் லொகேஷன் (எந்த அடுக்கில் எந்தச் சரக்கு), பார்கோடு ஸ்கேன், டிஸ்பாட்ச். வழக்கமான வழி எல்லோருக்கும் தெரியும்: துறை துறையாகக் கேட்டு நூற்றைம்பது வரித் தேவைப்பட்டியல், அதை வைத்து விலை கேட்கும் ஆர்.எஃப்.பி, மூன்று கொட்டேஷன், குறைந்த விலை சொன்ன எல்1-இடம் பேரம், நிலையான விலைக்கு பி.ஓ. எனும் கொள்முதல் ஆணை.

இது மென்பொருளுக்கு ஒத்துவராது என்பது என் வாதம். பட்டியல் எழுதும் நாளில் கிடங்குக்காரருக்கே தன் தேவை முழுதாகத் தெரியாது. ஸ்கேனர் கைக்கு வந்து முதல் லோடு இறங்கும்போதுதான் "ஒரே பெட்டியில் இரண்டு பேட்ச் வந்தால் என்ன செய்வது?" என்ற கேள்வி வரும். அப்போது அது சேஞ்ச் ரிக்வஸ்ட், அதாவது ஒப்பந்தத்துக்கு வெளியே கூடுதல் வேலை. போட்டி முடிந்தபின் சொல்லும் விலை. அடிமாட்டு விலை போட்டவர் லாபம் பார்ப்பதே அங்கேதான்.

மாற்று வழி அஜைல், அதாவது சிறு துண்டுகளாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொண்டே போவது: பட்டியலுக்குப் பதில் ஒரு பக்கத் தாள். எந்த எண் மாற வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கட்டும். கணினி இருப்புக்கும் கை எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் 6 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்பதைப்போல. மூன்று வெண்டர்களுக்கு ஆளுக்கொரு நாள் கிடங்கிலேயே பயிலரங்கு. விற்பனை ஆட்கள் வேண்டாம், வேலை செய்யப்போகிற டெவலப்பர்களே வரட்டும். இருவரைத் தேர்ந்து, காசு கொடுத்து, ஒரே ஒரு ரேக் வரிசையில் உண்மைச் சரக்கோடு இரண்டு வாரச் சோதனை. ஜெயித்தவருடன் பொது விதிகளுக்கு ஒரு மாஸ்டர் ஒப்பந்தம், அதன்கீழ் ஆறு வாரத்துக்கு ஒரு ஒர்க் ஆர்டர். மூன்று பேர், ஆள்-நாளுக்கு 7,000 ரூபாய் என்றால் ஸ்பிரின்ட் எனும் இரண்டு வார வேலைச்சுற்றுக்கு (பத்து வேலைநாள்) 2.1 லட்சம், மூன்று சுற்றுள்ள ஒரு ஒர்க் ஆர்டர் 6.3 லட்சம். சரிவரவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம். 24 லட்சத்துக்கு பி.ஓ. போட்டுவிட்டு ஒன்பதாவது மாதம் யு.ஏ.டி எனும் பயனர் ஏற்புச் சோதனையில் தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தணிக்கைக்கண்:
கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த 24 லட்சம் பதினொரு ஸ்பிரின்டுக்குத்தான் வரும். எட்டாவது முடியும்போது 16.8 லட்சம் போயிருக்கும். வேலை பாதியில் நின்றால் வெண்டரைக் கேட்க நமக்கு ஒரு பிடியும் இல்லை, காரணம் நாம் வாங்கியது அவருடைய நேரத்தை. நிலையான விலையில் அந்த அபாயம் வெண்டர் தலையில். அதற்குத்தான் விலையில் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்.

> சரிவரவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம்

முதல் ஆறு வாரத்தில் நிறுத்தலாம். மூன்றாவது ஒர்க் ஆர்டருக்குள் ஐட்டம் மாஸ்டர் (பொருள் பட்டியல்), பார்கோடு அமைப்பு, ஆட்களின் கைப்பழக்கம் எல்லாம் அவருடைய சிஸ்டத்தில் ஊறிப்போயிருக்கும். அடுத்த ஆர்டருக்கு அவர் 7,000-ஐ 8,500 ஆக்கினால் நீங்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. 7,000 ரூபாய் ஆளும் 9,500 ரூபாய் ஆளும் வந்தால் யார் மலிவு? ஒப்பீட்டுத் தாளில் விடை இருக்காது. பயிலரங்கில் நன்றாகப் பேசியவர் ஜெயிப்பார், ஏன் ஜெயித்தார் என்று கோப்பில் ஒரு வரி இருக்காது. கமிஷன் கைமாறுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். 2021 அக்டோபரில் ஒன்றிய நிதி அமைச்சகம் தரத்துக்கும் மதிப்பெண் தரும் முறையை ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் அனுமதித்தபோது, விலை அல்லாத அம்சங்களுக்கு 30 சதவீதத்துக்குமேல் எடை கூடாது என்று வரம்பு வைத்தது. பொதுப்பணத்துக்கு இருக்கிற அந்தக் கவனம் பங்குதாரர் பணத்துக்கும் வேண்டும்.

கொள்முதல்மேசை:
கோப்பு விஷயத்தில் உங்கள் கவலை நியாயம். அதற்கு வழி உண்டு. மதிப்பெண் அளவுகோலும் எடையும் பயிலரங்குக்கு முன்பே மூன்று வெண்டருக்கும் எழுத்தில் போக வேண்டும். மதிப்பிடும் நால்வரும் கலந்து பேசுவதற்குமுன் தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஆள்-நாள் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. சோதனையில் இருவருக்கும் ஒரே ஐந்து வேலை கொடுங்கள்: ஜி.ஆர்.என் (சரக்கு வரவு) பதிவு, பின் ஒதுக்கீடு, பேட்ச் பிரிப்பு, பிக் லிஸ்ட் (எடுக்க வேண்டிய சரக்கின் பட்டியல்), இருப்பு எண்ணிக்கை. எத்தனை ஓடியது, எவ்வளவு செலவானது என்பதே ஒப்பீடு.

பிடிமானம் இல்லை என்பதற்கு இரண்டு ஷரத்து. ஒன்று, சோர்ஸ் கோடு முதல் நாளிலிருந்தே நம் கணக்கில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் முழுத் தரவையும் வெளியே எடுத்துக் காட்டினால்தான் ஏற்பு. இரண்டு, இலக்கு விலை. மொத்தம் 24 லட்சத்தைத் தாண்டினால் அதன்பின் ஆள்-நாள் விலை 60 சதவீதமாகக் குறையும். இழுத்தடித்தால் அவருக்கும் நஷ்டம். விலையை இரண்டு வருடத்துக்கு மாஸ்டர் ஒப்பந்தத்திலேயே கட்டிவிட்டால் 8,500 பேச்சே வராது.

வார்ப்படம்:
மென்பொருளோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதே பேச்சு உதிரிபாகக் கொள்முதலுக்கும் வரும்போதுதான் சிக்கல்.

கியர்பாக்ஸ் ஹவுசிங் வார்ப்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டர்ன் (வெளிவடிவ மாதிரி), கோர் பாக்ஸ் (உள்வெற்றிடத்துக்கான அச்சு) செய்யவே ஆறு முதல் பத்து வாரம். ஆட்டோ வாடிக்கையாளர் என்றால் உற்பத்திக்கு முன் பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி: வாடிக்கையாளர் வேறு சொல்லாதவரை ஒரு மணி முதல் எட்டு மணி நேர ஓட்டம், தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பாகம். அதன்பின் சுவர்த்தடிமனை 2 மி.மீ. மாற்றினால் கோர் பாக்ஸ் மாறும், ரைசர் (கூடுதல் உருக்கைத் தேக்கி ஊட்டும் பகுதி) இடம் மாறும், தடிமனும் மெலிவும் சேருமிடத்தில் உலோகம் சுருங்கி ஷ்ரிங்கேஜ் ஓட்டை விழும், பி.பி.ஏ.பி-யும் மறுபடி. இங்கே மாற்றமெல்லாம் பேட்டர்னுக்கு முன்பே முடிய வேண்டும். மணலை நேரடியாக அச்சிட்டு மோல்டு செய்யும் வசதி இப்போது உண்டு. அதில் இரண்டு மூன்று மாதிரி வார்த்து, மெஷினிங் செய்து பார்த்து, பிறகு பேட்டர்னுக்குப் போவது நல்ல முறை. அதற்கு அஜைல் என்று பெயர் வைத்தாலும் சரி.

வாங்குபவர்கள் பலர் செய்வது வேறு. வாராவாரம் டெலிவரி ஷெட்யூலை மாற்றிவிட்டு அதற்கு அஜைல் என்று பெயர் வைக்கிறார்கள். உருக்கி ஊற்றியது பவுண்டரி, அதாவது வார்ப்பாலை. சரக்கு தேங்குவது பவுண்டரியில். வங்கி வட்டி கட்டுவதும் பவுண்டரி. முதல் மாதம் உறுதி, அடுத்த இரண்டு மாதம் உத்தேசம் என்று ஷெட்யூல் கொடுங்கள். உறுதி மாதத்தில் வெட்டினால் வார்த்த சரக்குக்கும், உத்தேச மாதத்தில் வெட்டினால் வாங்கிய மூலப்பொருளுக்கும் பணம் தருவதாக எழுதுங்கள்.

ஒப்பந்தவரி:
வார்ப்படம் சார் சொன்னது சேவைக்கும் பொருந்தும். வெண்டர் குறு அல்லது சிறு நிறுவனமாக ஒன்றிய அரசின் உத்யம் பதிவு வைத்திருந்தால், 2006 எம்.எஸ்.எம்.இ.டி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டம் 15-வது பிரிவின்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அதற்குமேல், 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த வருமானவரி விதியால், கெடு தாண்டிய தொகையை உண்மையில் கட்டிய ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

அஜைல் ஒப்பந்தங்கள் தடுக்கி விழுவது நாள் எண்ணத் தொடங்கும் இடத்தில். பொருளோ சேவையோ கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கிடைத்த நாளே ஏற்பு நாள். ஸ்பிரின்ட் டெமோவில் பத்துக் குறையை வாயால் சொல்லிவிட்டு எழுந்து போனால், சட்டத்தின் கண்ணில் அது ஏற்கப்பட்ட வேலை. டெமோ முடிந்த இரண்டு வேலைநாளுக்குள் மின்னஞ்சலில் ஏற்பு அல்லது குறைப்பட்டியல் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

இடையில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் ஒர்க் ஆர்டர் மதிப்பில் 20 சதவீதம் தருவது என்ற ஷரத்தும் நல்லது. வெண்டர் ஆட்களை ஒதுக்கி வைத்திருக்கிறார் அல்லவா.

தணிக்கைக்கண்:
மேடம், அந்த மின்னஞ்சலை அனுப்பப்போவது யார்? என் அடிப்படை ஆட்சேபம் அங்கேதான் இருக்கிறது. இந்த முறைக்கு நம் பக்கம் ஒருவர் தினமும் பாதி நாள் ஒதுக்க வேண்டும்: முன்னுரிமை சொல்ல, சந்தேகம் தீர்க்க, சோதித்துப் பார்க்க. அது கிடங்கு மேலாளர்தான். மாதக் கடைசி வாரம் டிஸ்பாட்ச் நெருக்கடியில் அவரை யாராலும் பிடிக்க முடியாது. பதில் வராத வெண்டர் ஊகித்துக் கட்டுவார், அதற்கும் 2.1 லட்சம் பில் வரும். முழு ஆர்.எஃப்.பி-யில் இந்த உழைப்பு ஒரே தடவை, முன்கூட்டியே.

கொள்முதல்மேசை:
ஒரே தடவை என்பதை ஏற்கமாட்டேன்; அது யு.ஏ.டி-யில் மொத்தமாகத் திரும்பி வரும். ஆனால் ஆள் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். மேலாளருக்குக் கீழே முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒரு மேற்பார்வையாளரை எழுத்தில் நியமித்து, அவருடைய பழைய வேலையில் பாதியை வேறொருவருக்கு மாற்றிய பிறகே முதல் ஒர்க் ஆர்டர். ஸ்பிரின்ட் முடியும் தேதிகளையும் மாதம் 10, 24 என்று வையுங்கள்.

தணிக்கைக்கண்:
நியமன உத்தரவின் நகல் ஒர்க் ஆர்டர் கோப்பில் இருக்க வேண்டும், அது இல்லாமல் பணம் விடுவிக்கக் கூடாது. இலக்கு விலை, தரவு ஏற்றுமதி இரண்டும் ஒப்பந்தத்தில் இருந்தால் மென்பொருளுக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேனர், லேபிள் பிரின்டர், ரேக் மூன்றுக்கும் பழைய மூன்று கொட்டேஷன் முறைதான்.

வார்ப்படம்:
ஸ்கேனர் மட்டும் சோதனை முடிந்த பிறகு வாங்குங்கள். எண்ணெய் படிந்த வார்ப்படத்தில் காகித லேபிள் ஒட்டாது. பொறித்த குறியைப் படிக்க சாதாரண லேசர் ஸ்கேனர் போதாது, கேமரா வகை வேண்டும். முன்கூட்டியே ஐம்பது வாங்கினால் ஐம்பதும் வீண்.