ஏரி பேனரில் தமிழ் எழுத்து உடைகிறது, சிவப்பு மங்குகிறது

கேள்வி:
ஊர் ஏரியைச் சுத்தம் செய்யும் தன்னார்வலர்களுக்காகக் கட்டணமில்லாமல் 6×3 அடி பேனரும் ஏ3 சுவரொட்டியும் செய்கிறேன். அச்சகத்தில் கோப்பைத் திறந்தால் 'கொ', 'கோ' எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. சிவப்பும் மங்கலாக விழுகிறது. பேனர் கோப்பை எந்த அளவில் அனுப்புவது?

பதில் 1:
நீங்கள் பயன்படுத்துவது இல்லஸ்ட்ரேட்டர் (அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்) என்றால் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்யுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வசதி) தேர்ந்தெடுங்கள். பிழை திருத்தி முடித்ததும் 'கிரியேட் அவுட்லைன்ஸ்' கொடுத்து எழுத்தை வெறும் வடிவமாக மாற்றினால், அச்சகத்தில் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. அவுட்லைன் ஆக்காத பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் கடைசி நேரத்தில் தேதி மாறும்.

பதில் 2:
பேனருக்கு முழு அளவில் 100 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளி) போதும்: 7200×3600 பிக்சல். சுவரொட்டிக்கு 300 டிபிஐ, நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி). ஆர்ஜிபியில் (திரைக்கான நிறமுறை) அனுப்புவதால்தான் சிவப்பு மங்குகிறது. சிஎம்ஒய்கேவில் (அச்சுக்கான நான்கு மை நிறமுறை) மெஜந்தா 100, மஞ்சள் 100, மற்றவை 0 வையுங்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்தால் ஒரு மை கொஞ்சம் விலகி விழுந்தாலும் விளிம்பில் நிறம் தெரியும்.

பதில் 3:
ஏரிக்கான பேனரை பிவிசி ஃபிளெக்ஸில் (பிளாஸ்டிக் பேனர் விரிப்பு) அடிக்க வேண்டாமே! காடாத்துணியில் ஸ்கிரீன் பிரின்ட் அழகாக வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் (மை கடத்தும் வலைச் சட்டம்) வேண்டும், அதனால் இரண்டு நிறத்தோடு நிறுத்துங்கள். மெல்லிய கோடுகள் நெசவில் மை பரவி தெளிவில்லாமல் போகும். 30 அடி தூரத்திலிருந்து படிக்க எழுத்து 3 அங்குல உயரமாவது இருக்கட்டும்.