ஸ்கேன் நார்மல் என்றால் தப்பித்தோமா? ஹன்டிங்டன் நோய்: எங்கள் வீட்டு அனுபவம்

மேலூரிலிருந்து:

அப்பாவுக்கு 42 வயதில் கை தானாக ஆட ஆரம்பித்தது. டீ கிளாஸைப் பிடித்தால் பாதி கீழே சிந்திவிடும். நடை தள்ளாடியதும் ஊரில் குடி என்றார்கள். அவர் பீடி கூடத் தொட்டதில்லை. அப்பத்தா பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பொங்கல் வைத்தது. இப்படியே 3 வருடம் போனது.

பிறகுதான் மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி விளக்கினார். மூளைக்குள் நீர் இருக்கும் அறை ஒன்று உண்டு. அதன் பக்கச் சுவரில் காடேட் என்ற பகுதி உள்நோக்கிப் புடைத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அது தேய்ந்து தட்டையாகி, நீர் அறை பெரிதாகத் தெரிந்தது. இது ஹன்டிங்டன் நோய், பரம்பரையாக வரும் மூளை நோய் என்றார். ரத்தப் பரிசோதனையில் சி.ஏ.ஜி. எண் 44 என்று வந்தது. இந்த நோயின் மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற எழுத்துத் தொடர் எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் அந்த எண். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், இயல்பான ஆயுள்வரை வாழ்ந்தால் நோய் வந்தே தீரும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு 29. வீட்டில் சொல்லாமல் போய் ஸ்கேன் எடுத்தேன். நார்மல் என்று வந்தது. அன்றைக்கு வயிறார சாப்பிட்டேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். ட்ராக் எச்.டி. என்ற ஆய்வில் லண்டன், பாரீஸ், லெய்டன், வான்கூவர் நகரங்களில் 366 பேரை வருடாவருடம் ஸ்கேன் எடுத்து அளந்தார்களாம். அறிகுறி வர இன்னும் 10 வருடத்துக்கு மேல் இருக்கும் என்று கணித்தவர்களிடமே காடேட்டும், அதன் பக்கத்தில் உள்ள புட்டாமென் என்ற பகுதியும் சுருங்க ஆரம்பித்திருந்தன. ஆனால் அது கூட்டமாக ஒப்பிட்டு அளந்தால் தெரிகிற வித்தியாசம். ஒரே ஒரு படத்தைக் கண்ணால் பார்த்து, இவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தம்தான் சொல்லும்.

இன்னும் ரத்தம் கொடுக்கவில்லை. அக்கா தெரியவே வேண்டாம் என்கிறாள். கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:

தம்பி, நான் கொடுத்தேன். எனக்கு சி.ஏ.ஜி. எண் 42 என்று வந்தது. முதலில் இரண்டு முறை உட்காரவைத்துப் பேசினார்கள், பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பேச்சைத் தவிர்க்காதீர்கள். எண்ணை வைத்து எந்த வயதில் வரும் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். ஒரே எண் உள்ளவர்களுக்கே பல வருடம் முன்பின் ஆகும் என்றார் டாக்டர். அப்புறம் அந்த நோட்டைக் கிழித்துவிட்டேன். என் மகனுக்கு 11 வயது. 18 ஆகட்டும், அவனே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அக்காவை வற்புறுத்த வேண்டாம். நீங்கள் போகும் நாளைச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.