கல்யாண மேளத்தில் சினிமாப் பாட்டு: கேட்கலாமா, கூடாதா?

குடமுருட்டிக்கரை:
போன வைகாசியில் பாபநாசம் பக்கம் ஒரு கல்யாணம். நாயனக்காரர் கரகரப்ரியா ராகத்தை நிதானமாக எடுத்து, மேல் ஷட்ஜ சுரத்தைத் தொட்டு நின்றார். பந்தலே பேச்சை நிறுத்திக் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டுப் பையன் ஒருவன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தப் பாட்டை வாசிங்க, ரீல்ஸ் எடுக்கணும்" என்றான். அவர் வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டையே வாசித்தார். ராகம் பாதியில் நின்றது. தாலி ஏறும்வரை யாரும் சினிமாப் பாட்டு கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் முடிவெடுக்க வேண்டும். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகம் வாசித்த மண் இது. இங்கேயே ராகத்தைக் கேட்க ஆளில்லை என்றால் வேறு எங்கே போய்க் கேட்பது?

வெண்ணாற்றுத் தம்பி:
ஐயா, அதே ராஜரத்தினம் பிள்ளை 1940இல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். அவருடைய சீடர் காருக்குறிச்சி அருணாசலம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகி அம்மா குரலோடு வாசித்த ஆபேரி ராகப் பாட்டை இன்றைக்கும் டீக்கடையில் கேட்கலாம். கச்சேரிக்கே போகாதவர்கள் நாயனத்தை ரசித்தது அந்தப் பாட்டால்தான். எங்கள் தாய்மாமா தவில் வாசிப்பவர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, மற்ற மாதங்களிலும் நல்ல நாள் கொஞ்சம்தான். கேட்ட பாட்டை வாசிக்க மாட்டேன் என்றால் அடுத்த முறை வேறு செட்டைக் கூப்பிடுவார்கள்.

குடமுருட்டிக்கரை:
தம்பி, காருக்குறிச்சியார் படத்துக்குள் நாயனத்தைக் கொண்டுபோனார். அங்கே நாயனம் முன்னால் போகிறது, குரல் அதற்கு ஈடுகொடுக்கிறது. கல்யாணத்தில் நடப்பது அதுவா? பல்லவி ஒரு தடவை, சரணம் பாதி, உடனே அடுத்த பாட்டு. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு இடமே இல்லை. விடிய விடியச் சாதகம் செய்து, நாக்கால் தட்டி ஊதும் துத்துகாரம் பழகி, மூச்சை வயிற்றில் கட்டி வைத்த ஒருவரிடம் மெட்டை மட்டும் ஒப்பிக்கச் சொல்வது அநியாயம் இல்லையா?

சோழசூடாமணி:
இரண்டு பேரும் பந்தலுக்குள்ளேயே நிற்கிறீர்கள். ராகம் கேட்கும் காது கோயிலில்தானே உண்டானது? சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று கேட்டுக் கேட்டே எங்கள் அம்மாவுக்கு ராகம் தெரிந்தது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. இப்போது எங்கள் ஊர்க் கோயிலில் சாயரட்சைப் பூஜைக்கு மோட்டார் முரசுதான். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். திருவிழா வந்தால் கேரளத்துச் செண்டை. செண்டை பெரிய கலைதான், அதன் ஊரில் அதற்கு ஒரு முறையும் இடமும் உண்டு. அதைக் கூட்டி வந்து நம் தவிலை ஓரமாக உட்கார வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மல்லாரியே காதில் விழாமல் வளர்ந்த பையன் செல்போனை நீட்டினால் அவனை மட்டும் திட்டி என்ன ஆகும்?

வெண்ணாற்றுத் தம்பி:
அக்கா சொல்வது சரி. ஆனால் காசு விஷயத்தை யாரும் தொட மாட்டேன் என்கிறீர்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரே கொண்டாடியது. அந்த நாயனத்தை வாசிப்பவருக்கு மண்டபத்தில் எந்த இடம்? மேடை அலங்காரத்துக்கு லட்சம் போகும், மேளத்துக்குப் பேசிய தொகையில் கடைசி நேரத்தில் குறைப்பார்கள். மாமா தவில் கூடுகளை ஒவ்வொன்றாக விரலில் இருந்து கழற்றிக்கொண்டிருக்கும்போதே பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள். இதை நான் எத்தனையோ மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். முதலில் மரியாதை, அப்புறம் ராகம்.

குடமுருட்டிக்கரை:
இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. மேடையில் சமமாக உட்கார்ந்து வாசிப்பேன் என்று ராஜரத்தினம் பிள்ளை நின்றதும் இதற்காகத்தான். ஆனால் மரியாதை என்பதில் அவர் வாசிப்பதை முழுசாகக் கேட்பதும் சேர்ந்ததுதான். பணத்தைக் கொடுத்துவிட்டு வாசிப்பை நடுவில் வெட்டினால் அது என்ன மரியாதை?

வெண்ணாற்றுத் தம்பி:
சரி ஐயா, நடுவில் வெட்டக் கூடாது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘கேட்கவே கூடாது’ என்ற கட்டளையை ஒத்துக்கொள்ள மாட்டேன். வரவேற்பில் ஒரு பழைய பாட்டை மாமா செட்டு வாசித்தபோது, அதுவரை திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் எல்லாம் தவிலைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பின்னால் வந்த ஆனந்தபைரவியையும் எழுந்து போகாமல் கேட்டார்கள்.

சோழசூடாமணி:
தையில் எங்கள் வீட்டில் கல்யாணம். தாலி கட்டும்வரை நாயனக்காரர் இஷ்டம், சீட்டு கொடுக்க யாரும் கிட்டே போகக் கூடாது. சாயங்காலம் வரவேற்பில் பிள்ளைகள் கேட்கட்டும். செண்டை வேண்டாம் என்று சம்பந்தி வீட்டிலும் பேசிவிட்டேன். மேளக்காரர்களுக்கு முதல் பந்தி. தம்பி, உங்கள் மாமாவுக்கு அந்தத் தேதி ஒழிவு இருக்குமா?

வெண்ணாற்றுத் தம்பி:
கேட்டுச் சொல்கிறேன் அக்கா. பேசுகிற தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். இரட்டை நாயனம், இரட்டைத் தவில் வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

குடமுருட்டிக்கரை:
வரவேற்பிலும் முதல் அரை மணி ராகத்துக்கு விடுங்கள் அம்மா. அதற்கு மேல் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.