புதுப்பிப்பு: சிகிச்சைக்குப் பிறகும் தீராத அசதி

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தும் அசதி போகவில்லை, இரவு 2 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தேன். ஓய்வெடுக்கத்தான் பலரும் சொன்னீர்கள். எனக்குக் கைகொடுத்தது நடை. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்த முதல் நாள் பாதிச் சுற்றிலேயே கால் நடுங்கி, கல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இப்போது வெயில் ஏறுமுன் இரண்டு சுற்று.

மதியத் தூக்கம் 20 நிமிடம்தான். மாலைக் காபியையும் விட்டுவிட்டேன். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் படுக்கிறேன்.

அப்புறம், அமுக்கரா சூரணம் (அஸ்வகந்தா சேர்ந்த சித்த மருந்துப் பொடி) பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மாத்திரைகளோடு அது வேண்டாம் என்றார் டாக்டர். நீங்களும் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அவற்றாலும் அசதி வரும்.

நேற்று பால்காரர் மணிச் சத்தத்தில்தான் எழுந்தேன்!