பெரியம்மாவின் கல்வெட்டுக்கு என்ன எழுதுவது

அன்பான ஊரவர்களுக்கு,

வெள்ளவத்தைப் பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் நெருங்குகிறது. கல்வெட்டை, அதாவது அன்று கொடுக்கும் நினைவு மலரை, அச்சகத்துக்குக் கொடுக்கப் பத்து நாள்கூட இல்லை. நீங்கள் அனுப்பிய எட்டு அஞ்சலிகளையும் வாசித்தேன். ஆறில் அவர் அன்னை தெரேசா, இரண்டில் தியாகச் சுடர். பெரியம்மா இருந்து இதைப் பார்த்திருந்தால், "ஆர் இவை, என்னைத் தெரியாத ஆக்களோ?" என்று கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக் கேட்டிருப்பார்.

பெறாமகன் என்ற உரிமையிலும், கடைசிப் பன்னிரண்டு வருடம் அதே தொடர்மாடியில் இரண்டு தட்டுக் கீழே இருந்தவன் என்ற உரிமையிலும் ஒன்று சொல்கிறேன். அவருடைய சிங்களத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதை விட்டால் மிச்சம் எதுவும் விளங்காது.

1955இல் கிளாக்காக அரசாங்க வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த வருடம், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற 33ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்புறம் தமிழ் உத்தியோகத்தர் சிங்களப் பரீட்சை எழுத வேண்டும், எழுதாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும் என்ற நிலை. பெரியப்பாவும் அரசாங்க உத்தியோகம்தான். அவர் எழுதவே மாட்டேன் என்று நின்றார். மானப் பிரச்சினை. எழுதாமலேயே இருந்து, ஏற்றமில்லாமல், வெள்ளெனவே ஓய்வெடுத்து, செட்டியார் தெருவில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதினார். அவர் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள், படுக்கையில் மாமியார். பெரியம்மா பரீட்சை எழுதினார். பாஸ் பண்ணின கடிதம் வந்த பிறகு இரண்டு மாதம் பெரியப்பா அவரோடு பேசவில்லையாம். சோறு போடச் சொல்வதுகூட மூத்த மகள் மூலம்தான்.

1983 ஜூலைக் கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இவர்களை ஒரு இரவு உள்ளே வைத்திருந்தது. மறுநாள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம். அங்கே பெயர் பதிவதும் சாமான் கேட்டு எழுதுவதும் பெரியம்மாவின் கையில் வந்து சேர்ந்தன, இரண்டு மொழியும் எழுதக்கூடிய ஆள் என்பதால். மற்றவர்களோடு 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர், லீவு முடிய வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நானும் கிண்டியதில்லை.

1988இல் ஓய்வு. அதற்குப் பிறகுதான் நீங்கள் எல்லோரும் அறிந்த பெரியம்மா. ஊரில் யாருக்காவது புற்றுநோய் என்றால் அப்போது கொழும்புக்குப் பக்கத்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைதான் கதி. கதிர்ச் சிகிச்சை என்பது ஒருநாள் வேலையில்லை. கிழமையில் ஐந்து நாள், ஐந்து ஆறு கிழமை தொடர்ந்து போக வேண்டும். தங்க இடம் வேண்டும், பொலிஸ் பதிவு வேண்டும், எல்லாவற்றையும்விட வாய் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கமக்காரருக்கு, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைச் சிங்களத்தில் சொல்லவும் தெரியாது, கேட்கவும் தெரியாது. பெரியம்மா 141ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, கிருலப்பனையில் இறங்கி, 138 பிடித்து, விடிய ஏழு மணிக்கு வரிசையில் நிற்பார். கையில் கிளினிக் துண்டு, கொப்பி, சுடுதண்ணிப் போத்தல்.

தொடக்கத்தில் அவருடைய சிங்களத்தைக் கேட்டு மிசிமார், அதுதான் தாதிமார், சிரிப்பார்களாம். பரீட்சைக்குப் படித்த சிங்களம் அல்லவா! எழுத்துச் சிங்களத்துக்கும் பேச்சுச் சிங்களத்துக்கும் நமக்கு இருப்பதைப் போலவே பெரிய தூரம். சுற்றறிக்கை வாசிப்பது போல நோவைப் பற்றி விசாரித்திருக்கிறார். வாட்டில் வேலை செய்த ஒரு பெடியன்தான் "கொஹேத ரிதென்னே?" என்று கேட்கப் பழக்கினானாம். 'எங்கே நோகிறது' என்ற ஒரு கேள்வி. அதை அவர் என்னிடம் சொல்லிக் காட்டும்போது பதின்ம வயதுப் பிள்ளை போல வெட்கப்படுவார்.

1994இல் பெரியப்பா கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். டொக்டர் வந்து நின்று நீளமாக ஏதோ சொன்னார். பெரியப்பா பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அந்த மொழி வீட்டுக்குள் வரக்கூடாது என்றிருந்த மனிதர். பெரியம்மா ஒரு சொல் விடாமல் சொன்னாராம், நல்லதையும் கெட்டதையும். இதை அவர் ஒரே ஒருமுறைதான் என்னிடம் சொன்னார். பிள்ளைகள் மூவரிடமும் கேட்டுவிட்டேன், கல்வெட்டில் போடச் சம்மதம்.

பக்தியைப் பற்றி நீங்கள் எழுதியது சரி, ஆனால் அதில் கொஞ்சம் சீனி கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை மயூராபதி அம்மன், கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம், எல்லாம் உண்மை. மருந்து ஏறும்போது பக்கத்தில் இருந்து திருநீற்றுப்பதிகம் மெல்லப் படிப்பார். பாண்டியனின் வெப்பு தீரச் சம்பந்தர் பாடியது. "சம்பந்தர் படிச்சார், வருத்தம் போச்சு. நான் படிச்சால் போகாது, போத்தல் முடியுமட்டும் நேரம் போகும்" என்பார். வேதக்காரர், கிறிஸ்தவர்கள், யாராவது வீட்டில் தங்கினால் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் அவரே கூட்டிப்போவார், வாசலில் மெழுகுதிரி வாங்குவதிலும் பேரம் பேசுவார். கையிறுக்கம்! உங்கள் சங்கங்கள் அனுப்பிய காசில் செலவழித்த பஸ் டிக்கெட்டுகளைக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார். வீட்டில் மீன், இறைச்சி சமைக்க விடமாட்டார் என்று கோபித்துக்கொண்டு லொட்ஜுக்குப் போனவர்களும் உண்டு.

அப்படிப் போன ஒருவர்தான் 2007 ஜூன் 7ஆம் திகதி விடிய பொலிசார் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய தமிழரோடு வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார், சிகிச்சை பாதியில் நிற்க. மறுநாள் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆள் திரும்பி வந்ததும் பெரியம்மா முதலில் ஏசினார், பிறகு தன் கட்டிலைக் கொடுத்தார்.

பிள்ளைகளுக்கு மனக்குறை இருந்தது. மெல்பேர்னில் பேத்தி பிறந்தபோது டிக்கெட் போட்டும் போகவில்லை. வாட்டில் நம்மூர்ப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்றார். சின்ன மகளுக்கு அது இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று யாரும் அவவுக்குப் புத்தி சொல்லவும் வேண்டாம்.

2013இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறந்தபோது, "இனி என்ர 138 மிச்சம்" என்றார். ஆனாலும் மகரகமவுக்கு வருபவர்கள் முற்றாக நிற்கவில்லை.

கொப்பிகள் இருபத்துமூன்று இருக்கின்றன. படமெடுத்து மலரில் போடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். யாருக்கு எங்கே கட்டி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பஸ் டிக்கெட் ஒட்டிய பக்கம் ஒன்று போதும்.

இன்னொன்று. வருகிற புதன்கிழமை கிளினிக்குக்கு ஊரிலிருந்து ஒரு அக்கா இரவு பஸ்ஸில் வருகிறா. பெரியம்மா இறந்தது தெரியாமல் அவருடைய தொலைபேசிக்கு எடுத்திருக்கிறா. நான் லீவு போட்டுவிட்டேன். என் சிங்களம் ஓட்டோக்காரரோடு சண்டை பிடிக்கத்தான் காணும். கொழும்பில் இருக்கும் உங்கள் உறவுகளில் நன்றாகச் சிங்களம் தெரிந்தவர்கள் யாராவது அன்று காலை ஏழு மணிக்கு வரமுடியுமென்றால், எனக்குத் தனி மடல் போடுங்கள்.