ஏப்ரல் வெயிலை நம்பி வளவுக்குள் இறங்கியவர்கள்

(வீட்டுத் தோட்டம் செய்யும் சிலர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது)

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் வருடம் அது. ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்துக் குளித்து, பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுத்த கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். ஊரில் அப்பா அன்றைக்கு இரண்டு கொத்தாவது கொத்தாமல் இருக்கமாட்டார். வெளியே நல்ல வெயில், ஸ்நோ முழுக்க உருகியிருந்தது. வேறென்ன வேண்டும்?

எங்களுடையது களிமண். உருகிய தண்ணீர் முழுக்க உள்ளுக்குள் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. கொத்தக் கொத்த மண் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வந்தது. ரோசத்தில் முழுப் பாத்தியையும் புரட்டிப் போட்டேன். மே கடைசியில் வெயில் ஏற, அந்தக் கட்டிகள் செங்கல்லாகிவிட்டன. அந்த வருடம் கத்தரி முழங்காலுக்குக்கூட வரவில்லை. இப்போது ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்துப் பெருவிரலால் தட்டிப் பார்ப்பேன். பிட்டு மா போல உதிர்ந்தால் கொத்தலாம். ரொட்டி மா போல ஒட்டிக்கொண்டு நின்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஈர மண்ணில் நடப்பதும் பிழைதான், அமுங்கிய மண்ணில் வேருக்குக் காற்றுப் போகாது.

அதே நாளில் இன்னொரு கூத்தும் நடந்தது. முன்வாசலில் ஹைட்ரேஞ்சியா பூச்செடி காய்ந்த குச்சியாக நின்றது. பட்டுப்போய்விட்டது என்று அடியோடு வெட்டினேன். வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தலையில் கை வைத்தார். அந்த இனம் போன வருடத்துக் குச்சியில்தான் மொட்டு வைத்திருக்குமாம். பிறகென்ன, அந்தக் கோடை முழுக்க இலைதான். லைலாக்கும் இப்படித்தான், பூத்து முடிந்த பிறகே வெட்ட வேண்டும். ரோசாவுக்கு அவர் சொன்ன கணக்கு எனக்கு நன்றாகப் பிடித்தது: தெருவில் ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூக்கும்போது வெட்டு. நாட்காட்டியே தேவையில்லை.

* * *

தம்பி, நீங்கள் மண்ணில் அவசரப்பட்டீர்கள், நான் கன்றில். பெப்ரவரி கடைசியில் பேஸ்மெண்டில் லைட் போட்டு மிளகாய் விதைத்தேன். நாற்பது கன்று, பிள்ளைகளைப் போல வளர்த்தேன். மே முதல் கிழமை ஒரு நாள் சூடாக இருந்தது என்று எல்லாவற்றையும் நேரே வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெந்துபோயிருந்தது. தப்பியதை அடுத்த கிழமை இரவு உறைபனி கொண்டுபோனது. இப்போது முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு கிழமைக்கு மேல் பழக்கித்தான் வெளியே விடுவேன். நிலத்தில் நடுவது மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே விடுமுறை கழிந்துதான். கறிவேப்பிலைச் சாடி எல்லாவற்றுக்கும் கடைசி. இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகுதான் அது கதவைத் தாண்டும்.

* * *

என்னுடைய கதை குழாய்க் கதை. இலையுதிர் காலத்தில் வெளிக்குழாயில் ஹோஸைக் கழற்றாமல் விட்டேன். ஏப்ரலில் திறந்தேன், தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. உள்ளே மனைவி கத்துகிறா. சுவருக்குள் பைப் உறைந்து வெடித்து, பாதித் தண்ணீர் பேஸ்மெண்டுக்குள் ஓடியிருக்கிறது. முதல் தடவை திறக்கும்போது உள்ளே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத் திறவுங்கள்.

மற்றது, பாத்தியில் கிடக்கும் பழைய இலைகளை ஏப்ரல் தொடக்கத்திலேயே வாரிப் பையில் கட்டாதீர்கள். குளிர்காலம் முழுக்க அதற்குள் ஒளிந்திருந்த பூச்சிகளும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். புல்லின் மேல் தடிப்பாகக் கிடப்பதை மட்டும் வாரினால் போதும்.

* * *

ஹோஸ் விஷயம் வாசித்ததும் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கழற்றித்தான் இருக்கிறது. ஒக்டோபரில் ஊன்றிய உள்ளி மட்டும் ஒருவரையும் கேளாமல் நான்கு விரல் உயரம் முளைத்து நிற்கிறது. அக்கா, உங்கள் கறிவேப்பிலை மார்ச்சில் இலை கொட்டுமா? என்னுடையது மொட்டையாகிவிட்டது. குச்சியைக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறது. வெட்டவா, விடவா?