புதுப்பிப்பு: மூன்றாம் முறை எழுதவில்லை

மருத்துவத்துக்காக உயர்தரப் பரீட்சையை (A/L) மூன்றாம் தடவையும் எழுதுவதா, கிடைத்த விவசாய பீடத்துக்குப் போவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிவெடுத்துவிட்டேன். வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன்.

‘மருத்துவம் உங்கள் ஆசையா, வீட்டின் ஆசையா?’ என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். இரண்டு இரவு தூங்கவில்லை. வீட்டின் ஆசைதான்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. “இன்னும் ஒருக்கா எழுதலாமே மகள்” என்றார். கடைசித் தடவையைப் பயத்தோடு எழுத மனமில்லை என்றேன். அப்புறம் பேச்சு படுவான்கரையில் இருக்கும் வயலுக்குப் போனது. மாரி வெள்ளத்தில் பெரும்போக நெல் அழிந்த கதை. எந்த நெல் எத்தனை நாள் தண்ணீரில் தாங்கும் என்று கேட்டார். தெரியவில்லை. “அதைப் படிக்கத்தான் போகிறேன் அப்பா” என்றேன்.

மறுநாள் பதிவுக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். மாமி மட்டும் இன்னும் பேசவில்லை.